கம்பிக்குள் ஏற்கெனவே இருப்பவை

அக்டோபர் 14, திங்கள்

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பத்து மணிக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் அம்மா எழுந்து வந்துவிடுவாள். பிளஸ் டூ படிக்கிறவள்தானே, படிக்கட்டும் என்று விடுகிற ஆள் இல்லை. "வெள்ளனே எந்திரிச்சுப் படி, ராத்திரியில கண்ணக் கெடுத்துக்காத" என்பாள்.

காலையில் பொன்னுவேல் மாமா ஒரு கேள்வி கேட்டார். மாமா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவரும் பாப்பம்மாள் அத்தையும்தான் எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள். நான் பஸ்ஸுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் மண்வெட்டியோடு ஏறி வந்தார்.

"தாயி, தண்ணி போற குழாய்க்கு உள்ள ஓட்டை இருக்கு. கரன்ட்டு போற கம்பிக்கு உள்ள ஓட்டையே இல்ல. பொறகு அது எது வழியா போகுது?"

"எலக்ட்ரான் மாமா. ரொம்பச் சின்னது."

"எம்புட்டுச் சின்னது? பூண்டுப் பல்லு அம்புட்டா?"

"அதவிடச் சின்னது."

"கடுகு?"

"பஸ் போயிரும் மாமா."

"ஒனக்கே தெரியல, அதான் ஓடுற. டீச்சர்ட்ட கேட்டுட்டு வந்து சொல்லு."

அவர் சொன்னது சரிதான். எனக்கே தெரியாது. ஐந்து மார்க்குக்கு எழுதத் தெரியும், அவ்வளவுதான். பிசிக்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். உலோகத்தில் ஒவ்வொரு அணுவின் வெளி எலக்ட்ரானும் அந்த அணுவோடு கட்டுப்பட்டு இருக்காதாம். கம்பி முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்குமாம். அணு என்று நாம் சொல்வதிலும் பெரும்பகுதி வெற்றிடம்தானாம். அப்படியென்றால் கம்பி முழுக்க ஓட்டைதான். மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் இருந்த சுந்தரி, "முழுக்க ஓட்டையா? அப்ப ஒன் குடை மாதிரின்னு சொல்லு" என்றாள். மிஸ் இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்திவிட்டார்.

அக்டோபர் 17, வியாழன்

காட்டுமாடு இரண்டு நாளாக வருகிறது. எங்கள் தோட்டம் மலைச்சரிவில் படி படியாக இருக்கிறது, அதில் மேல் படியில் கேரட் பாதி போய்விட்டது. தின்றது கொஞ்சம், மிதித்தது நிறைய. வேலிக்குக் கரன்ட் கொடுக்கிற பேட்டரி மிஷின் ரிப்பேருக்குத் திண்டுக்கல் போயிருக்கிறது. அதனால் அப்பா இன்று மோட்டார் அறையிலிருந்து நேராக வேலிக் கம்பிக்கு லைன் கொடுத்துவிட்டார்.

"கேஸாயிரும்ங்க" என்றாள் அம்மா.

"ஊர்ல யாரு செய்யல? மிஷின் வர்ற வரைக்கும், பத்து நாளு. நீ சும்மா கெட."

இருட்டியதும் போடுவது அப்பா. காலை ஐந்தரைக்கு அணைப்பது நான். சுவிட்ச் மோட்டார் அறைச் சுவரில், கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பழைய சுவிட்ச். கீழே தள்ளினால் ஆன் ஆகுமா, மேலே தள்ளினால் ஆன் ஆகுமா என்று எனக்கு எப்போதும் குழம்பும். பக்கத்தில் சின்னச் சிவப்பு லைட் வைத்திருக்கிறார். "லைட்டப் பாரு. எரிஞ்சா கம்பியில இருக்கு. எரியலன்னா இல்ல."

பேட்டரி வேலி ஒரு தட்டுத் தட்டிவிட்டு விட்டுவிடும். மாடு பயந்து ஓடும். இது விடாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பொன்னுவேல் மாமா செத்துப்போயிட்டாரு.

அக்டோபர் 24, வியாழன்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

திங்கள் ராத்திரி மழை. பதினோரு மணிக்குக் கரன்ட் போனது. செவ்வாய் காலை ஐந்தரைக்கு எழுந்தபோதும் இல்லை. மோட்டார் அறை இருட்டு. டார்ச்சை எடுத்துப் போகவில்லை, தினமும் போகிற இடம்தானே. கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, சுவிட்சை ஒரு தள்ளு தள்ளினேன். டக் என்றது. சிவப்பு லைட் எரியவில்லை. வந்துவிட்டேன். ஆறு நாற்பது பஸ்ஸில் கொடைக்கானல் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பாப்பம்மாள் அத்தை வீட்டு முன்னால் கூட்டம். மாமா ஏழு மணிக்கு மேல் படியில் வாய்க்கால் வெட்டிவிடப் போனாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டதாம். அப்பாதான் முதலில் பார்த்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அறுப்பார்கள் என்று பெரியவர்கள் சொன்னதால் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். புதைத்தார்கள்.

நான் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். மேல் படியில் வேலிக் கம்பியே இல்லை. கல் கால்கள் மட்டும் நின்றன.

பாப்பம்மாள் அத்தை பகலெல்லாம் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்ததாம். இன்று துக்கம் கேட்கப் போனேன். என் கையைப் பிடித்து, விரித்து, உள்ளங்கையில் விரலால் ஒரு கோடு இழுத்தது.

"இங்க. கருப்பா. கோடு மாதிரி. நெஞ்சுவலின்னா கையில எப்படித்தா வரும்? நீ படிச்ச புள்ள."

"தெரியல அத்தை."

தெரியலன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 26, சனி

தூங்குவது மாதிரி படுத்திருந்தேன். அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் ரெண்டு மணிக்கே எந்திரிச்சுப் போயி அணைச்சேன், பாண்டி. மழ விட்டு கரன்ட்டு வந்தா ஈரக் கம்பியில பீஸ் போயிரும்னு, வேலி சுவிட்ச எங்கையால அணைச்சேன். ஆனா காலையில நான் போய்ப் பாக்கும்போது செவப்பு லைட்டு எரியுது. எரியுது பாண்டி."

அம்மா எழுந்து வந்து என் போர்வையை இழுத்துவிட்டாள். அப்புறம், "மெல்லப் பேசுங்க. அவ முழிச்சிருப்பா" என்றாள்.

அப்பா அணைத்தார். நானும் அணைத்தேன்.

அணைத்த சுவிட்சை மறுபடி தள்ளினால் என்ன ஆகும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

கரன்ட் இருந்திருந்தால் லைட் காட்டிக்கொடுத்திருக்கும். கரன்ட் இல்லாத நேரத்தில் இரண்டு பக்கமும் ஒரே இருட்டு.

அழுகை வரவில்லை. டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவினால் விரல்கள் இருப்பதே தெரியாமல் போகுமே, அது மாதிரி உள்ளே.

அக்டோபர் 29, செவ்வாய்

லைன்மேன் முத்துராஜ் அண்ணன் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் நின்றார். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"அண்ணே, போன செவ்வாய் காலையில கரன்ட் எத்தன மணிக்கு வந்துச்சு?"

"எதுக்கு?"

"ஸ்கூல்ல ப்ராஜெக்ட்."

"கரன்ட்டு போனதுக்கெல்லாம் ப்ராஜெக்ட்டா? ஒங்க ஸ்கூலு வெளங்கிரும்." போனில் எதையோ தள்ளிப் பார்த்தார். "ஆறு அம்பத்திரெண்டு."

நான் பஸ் ஏறிப் பன்னிரண்டு நிமிஷம். மாமா ஏழு மணிக்குப் போனார்.

"ஒரு கம்பியப் பாத்து, அதுல கரன்ட் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியுமாண்ணே?"

"பாத்துச் சொல்ல முடிஞ்சா எங்க ஆளுக ஏன் சாகுறாங்க?" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் நடந்துவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அம்மா எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. கீழ்த்தெருவில் வெடிச் சத்தம்.

நவம்பர் 2, சனி

பிசிக்ஸில் இரண்டாவது பாடத்தை, மின்னோட்டத்தை, திரும்பப் படித்தேன். செப்டம்பரில் இதில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கினேன். எதைப் படித்து வாங்கினேன் என்று தெரியவில்லை.

நான் நினைத்துக்கொண்டிருந்தது: கரன்ட் எங்கோ ஒரு பவர் ஹவுஸில் புறப்பட்டு, மலை ஏறி, நம் வீட்டுக்கு வருகிறது. சுவிட்ச் போட்டால் எலக்ட்ரான் உள்ளே நுழைகிறது. அணைத்தால் கம்பி காலி.

அப்படி இல்லை. கம்பி ஒருநாளும் காலியாக இருப்பதில்லை. கரன்ட் இல்லாதபோதும் எலக்ட்ரான்கள் உள்ளேயேதான் இருக்கின்றன. சும்மாவும் இல்லை. நொடிக்கு நூறு நூறு கிலோமீட்டர் வேகத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைந்துகொண்டிருக்கின்றன. எல்லாம் ஒவ்வொரு திசையில் போவதால் மொத்தத்தில் எங்கும் போவதில்லை. அதைத்தான் நாம் கரன்ட் இல்லை என்கிறோம்.

சுவிட்ச் போட்டதும் என்ன நடக்கிறது? எல்லாம் ஒரே நேரத்தில் கொஞ்சம் சாய்கின்றன. ஹேர்பின் வளைவில் பஸ் திரும்பும்போது எல்லாரும் சாய்வோமே, அப்படி. முன்சீட்டில் இருப்பவர் நடந்து பின்சீட்டுக்கு வருவதில்லை. ஏசி என்றால் இடது, வலது, இடது, வலது. ஒரு நொடியில் ஐம்பது தடவை. நகர்கிற தூரம் தலைமுடி அகலம்கூட இல்லையாம்.

அப்படியென்றால் எங்கள் கம்பியிலிருந்து மாமாவுக்குள் போனது என்ன?

நவம்பர் 4, திங்கள்

மிஸ்ஸிடம் கேட்டேன். மாமா என்று சொல்லவில்லை. "ஷாக் அடிக்கும்போது கம்பியில இருக்கிற எலக்ட்ரான் ஒடம்புக்குள்ள போகுமா மிஸ்?"

"நல்லாக் கேட்ட. ஒடம்புல உலோகம் மாதிரி எலக்ட்ரான் சுத்தாது. ரத்தத்துல உப்பு இருக்கு இல்லையா, அந்த உப்போட அயனிகள்தான் அசையும்."

"அவரோட உப்பா?"

"யாரோட?"

"யாரோ ஒருத்தர்."

"ஆமா, அந்த ஆளோட உப்புதான். ஏன் முகம் இப்படி இருக்கு? சாப்பிட்டியா? சிலபஸ்ல இல்லாததையெல்லாம் போட்டு மண்டைய ஒடைக்காத, செகண்ட் வால்யூம் முடிக்கணும்."

வெளியிலிருந்து ஒன்றுமே உள்ளே போகவில்லை. மாமாவுக்குள் இருந்த மாமாவின் உப்புதான் ஆடியது. இதயத்துக்குள் நடக்கிற சின்ன ஓட்டம் அந்த ஆட்டத்தில் தாளம் தப்பிவிடும் என்று லைப்ரரிப் புத்தகத்தில் இருந்தது. அப்படிப் பார்த்தால் நெஞ்சுவலி என்று அப்பா சொன்னது முழுப் பொய் இல்லையோ? இந்த மாதிரி யோசிக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் சுந்தரி, "என்னடி, பேய் புடிச்சவ மாதிரி ஜன்னலையே பாக்குற? லவ்வா?" என்றாள். இல்லை என்றேன். "இருந்தாலும் நீ சொல்லவா போற, கல்லு" என்று என் முறுக்கையும் சேர்த்துத் தின்றாள். அவள் பக்கத்தில் இருந்த அரை மணி நேரம் பரவாயில்லை.

நவம்பர் 6, புதன்

மாமாவுக்குப் பதினாறாம் நாள். அப்பா கோடித் துணி எடுத்துக்கொண்டு போனார். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு நான் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். பாப்பம்மாள் அத்தை வந்து எதிரில் உட்கார்ந்தது. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. பார்க்க வேறு யாரோ மாதிரி.

"அன்னிக்குக் கேட்டேனே. தெரிஞ்சுக்கிட்டியா?"

நான் இலையை மடித்தேன்.

"கையில கோடு. காலுல பெருவெரல்கிட்ட ஒரு பொட்டு, வெந்த மாதிரி. ரெண்டும் எப்படி வரும்?"

நான் பதில் சொன்னேன். பரீட்சையில் எழுதுகிற மாதிரியே சொன்னேன். என் குரல்தான், ஆனால் யாரோ பேசுவது மாதிரி இருந்தது. "கரன்ட் போற வழியில எந்த எடத்துல தடை அதிகமோ அங்கதான் சூடு அதிகம் வரும். ஒடம்புல தோலுலதான் தடை அதிகம். அதனால கரன்ட் உள்ள போற எடத்துலயும் வெளிய போற எடத்துலயும் தோல் வேகும்."

அத்தை தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தது.

"கம்பி கையில. ஈர மண்ணு காலுல" என்றது.

எழுந்து உள்ளே போய்விட்டது.

நவம்பர் 8, வெள்ளி

பாப்பம்மாள் அத்தை தன் தம்பியோடு கொடைக்கானல் போய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை தாசில்தார் முன்னால் தோண்டி எடுத்துப் பார்ப்பார்களாம்.

அம்மா என்னைச் சமையலறையில் மடக்கினாள். "அவகிட்ட என்ன சொன்ன?"

"பாடத்துல இருக்கிறதச் சொன்னேன்."

அடித்தாள். பிறகு அவளே என் தலையைப் பிடித்துக்கொண்டு, "வாயத் தொறக்காத. தொறந்தா ஒன் தலையில விடியும். ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சுவிட்சும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது" என்றாள். கன்னம் சூடாக இருந்தது. வலித்ததா என்று யோசிக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 11, திங்கள்

அப்பா காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கதவுகிட்ட நின்று என்னைக் கூப்பிட்டார். மூன்று வாரமாக அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை.

"நான்தான் அணைக்க மறந்துட்டேன். கேட்டியா? நான்தான்."

"அப்பா, நீங்க ரெண்டு மணிக்கு..."

"நான் எந்திரிக்கவே இல்ல. தூங்கிட்டேன். வெரசா ஸ்கூலுக்குக் கெளம்பு, பஸ் போயிரும்."

அவரே போய் ஸ்டேஷனில் சொன்னார். சொன்னால் தோண்ட மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். தோண்டத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். தோண்டினார்கள். பாப்பம்மாள் அத்தை கடைசி வரைக்கும் அங்கேயே நின்றதாம்.

அப்பா திரும்பி வரவில்லை.

நவம்பர் 23, சனி

வேலைக்கு யாரும் வருவதில்லை. நானும் அம்மாவும் கீழ்ப் படியில் பூண்டு ஊன்றினோம். பாதிதான் முடிந்தது. மேல் படிக்கு இரண்டு பேரும் போகவில்லை. ஏன் என்று பேசிக்கொள்ளவும் இல்லை.

சுந்தரியின் அம்மா அவளை வேறு சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறாள். அவள் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டு, திரும்பித் திரும்பி என்னிடம் பேசிக்கொண்டு வந்தாள். கண்டக்டர், "ஏம்மா, கழுத்து சுளுக்கிக்கப் போகுது, ஒரே எடத்துல உக்காருங்களேன்" என்றார்.

டிசம்பர் 4, புதன்

இன்னொன்று படித்தேன். கையால் ஒன்றைத் தொடும்போது கையின் அணுவும் அதன் அணுவும் ஒட்டிக்கொள்வதே இல்லையாம். இரண்டு பக்கத்து எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று நெருங்க விடாமல் தள்ளுமாம். அந்தத் தள்ளலைத்தான் தொட்டோம் என்கிறோமாம்.

அந்தச் சுவிட்சை நான் தொடவே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மெதுவாக, வாய்விட்டு.

சொல்லலாம். ஆனால் சுவிட்ச் நகர்ந்தது, டக் என்றும் கேட்டது.

எலக்ட்ரான்களில் இது வேறு அது வேறு என்று கிடையாதாம். எல்லாம் ஒன்றே போல். ஒன்றுக்குப் பெயர் வைத்து, இதுதான் செய்தது என்று அடையாளம் காட்ட முடியாது. எனக்குப் பெயர் இருக்கிறது. ரோகிணி, தகப்பன் பெயர் திருமலைச்சாமி.

டிசம்பர் 19, வியாழன்

பிசிக்ஸ் அரையாண்டுத் தேர்வு. உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளை. குறைகடத்தி வந்தது. சூடு ஏறினால் உலோகத்தில் தடை கூடும், குறைகடத்தியில் குறையும், காரணம் கூறுக. உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே வெளியே இருக்கின்றன. சூடானால் அணுக்கள் அதிகம் அதிர்ந்து வழியை மறிக்கும். குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் கட்டுண்டு இருக்கின்றன. சூடானால்தான் சில விடுபடும். எழுதினேன். எழுதும்போது நன்றாக இருந்தது. பத்து நிமிஷம் ஒரு ஞாபகமும் இல்லை. அப்புறம் அதற்காக வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 28, சனி

வக்கீல் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு ஜாமீன் இன்னும் கிடைக்கவில்லை. அம்மா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள், என் சுவிட்ச் உள்பட. போன மாதம் என் வாயைப் பொத்தியவள்.

"பாப்பா, நீ உள்ளதச் சொன்னாப் போதும்" என்றார் வக்கீல். "அப்பா அணச்சிட்டாரு. நீ தெரியாம தட்டிட்ட. கவனக்குறைவா அப்பா விடல, அணச்சவரு. கேஸோட கனம் கொறையும். நீ மைனர், தெரியாம நடந்தது. ஒன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "அப்பாவுக்காக" என்றாள்.

முதலில் சொல்லாதே. இப்போது சொல். இரண்டுமே எனக்காக, இரண்டுமே அப்பாவுக்காக.

எனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது. அக்டோபரிலிருந்தே இருக்கிறது. ஆனால் முதலில் வக்கீலிடமா?

ஜனவரி 2, வியாழன்

பாப்பம்மாள் அத்தை இப்போது கீழ்த்தெருவில் ஒரு வீட்டுக்குப் பூண்டு ஆயப் போகிறது. வாசலில் சாக்கு விரித்துத் தனியாக உட்கார்ந்திருந்தது. போய் எதிரில் நின்றேன். உட்கார் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அப்பா இரண்டு மணிக்கு அணைத்தது. நான் ஐந்தரைக்குத் தள்ளியது. லைட் எரியாதது. ஆறு அம்பத்திரெண்டு.

அத்தை பூண்டின் வேரை நறுக்கிக்கொண்டே இருந்தது. கை நிற்கவில்லை.

"இத எதுக்கு இப்பச் சொல்ற?"

"வக்கீல் சொல்லச் சொல்றாரு. அதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட சொல்லணும்னு..."

"சொன்னா ஒங்கப்பனுக்குக் கொறையுமோ?"

"ஆமாங்கத்தை."

"அப்பச் சொல்லாத." நிமிர்ந்து பார்த்தது. "கம்பியக் கட்டுனவன் அவன். எம்புருசன் செத்துக் கெடக்கையில கம்பியச் சுருட்டுனவன் அவன். மண்ணுல தரதரன்னு இழுத்துக்கொண்டாந்து பாதையில போட்டவன் அவன். போட்டுட்டு வந்து, 'தங்கச்சி, நெஞ்சுவலி'ன்னு எங்கிட்ட அழுதவன். நீ ஒரு சுவிட்சத் தட்டுன. அத வச்சு அவன் வெளிய வரணுமா? உள்ளயே கெடக்கட்டும்."

சாக்கிலிருந்து உருண்டு வந்த ஒரு பூண்டை எடுத்து வைத்தேன்.

"நீ போ. ஒம்மேல எனக்கு..." என்று ஆரம்பித்தது. முடிக்கவில்லை. அடுத்த பூண்டை எடுத்தது. நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அது முடிக்கவே இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

தூங்கவில்லை. சொன்னால் அப்பா பக்கம். சொல்லாவிட்டால் அத்தை பக்கம். எனக்காக ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

அத்தை சொன்னதில் ஒன்று மட்டும் மறுபடி மறுபடி வருகிறது. இழுத்துக்கொண்டு வந்து போட்டதை வக்கீல் சொல்லவே இல்லை. அம்மாவும் சொல்லவில்லை. நானும் இந்த நோட்டில் எழுதவில்லை. அன்று சாயங்காலம் மேல் படியிலிருந்து பாதை வரைக்கும் ஈர மண்ணில் இரண்டு கோடு இருந்தது. குதிகால் கோடு. எருக்குழியில் கம்பிச் சுருளும் கிடந்தது. பார்த்தேன். இரண்டரை மாதமாக எலக்ட்ரானைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

இன்று கொடைக்கானல் போனோம். சீருடை போடாத ஒரு பெண் அதிகாரி கேட்டார். அம்மாவும் வக்கீலும் பக்கத்தில் இருந்தார்கள். அந்த அதிகாரி எனக்கு டீ வாங்கித் தரச் சொன்னார்.

சுவிட்சைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். இருட்டு, லைட், டக் என்ற சத்தம், நேரம், எல்லாம். அப்பா இரண்டு மணிக்கு அணைத்ததாக அம்மாவிடம் சொன்னதையும் சொன்னேன். வக்கீல் தலையாட்டினார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் அந்த அதிகாரி. சும்மாதான் கேட்டார். பேனாவை மூடப் போனார்.

"இல்லைங்க" என்றேன்.

கம்பியை அப்பா சுருட்டி எருக்குழிக்குள் போட்டதைச் சொன்னேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது என்றும் சொன்னேன். மேல் படியிலிருந்து பாதை வரைக்கும் இருந்த குதிகால் கோட்டைச் சொன்னேன். மறுநாள் காலையில் அம்மா அந்தக் கோட்டை மண்வெட்டியால் கொத்தி அழித்ததைச் சொன்னேன். கையில் கோடு எப்படி வந்தது என்று பாப்பம்மாள் அத்தை முதல் தடவை கேட்டபோது தெரியாது என்று நான் சொன்னதையும் சொன்னேன். வக்கீல், "பாப்பா, கேட்டதுக்கு மட்டும்" என்றார். அந்த அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டு எழுதினார். மூன்று பக்கம். வாசித்துக் காட்டினார். சரியாக இருந்தது.

இதனால் அப்பாவுக்குக் குறையுமா கூடுமா, எனக்குத் தெரியாது. அம்மாவையும் கூப்பிடுவார்கள் என்று வக்கீல் வெளியே வந்து சொன்னார். அம்மாவிடம்தான் சொன்னார்.

திரும்பும்போது அம்மா பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பையை வைத்துக்கொண்டாள். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். வழியெல்லாம் மூடுபனி. எனக்கு அழுகை வந்தது. ரொம்ப நேரம் வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெண் ஒருவர், "வாந்தி வருதா கண்ணு?" என்று கேட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

எங்கள் ஊர் பூம்பாறையில் அம்மா முன்வாசல் வழியாக இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்வாசலுக்கு வர நேரமானது, கூட்டம். பஸ் கிளம்பிப் போன பிறகு பார்த்தேன். ரோட்டு ஓரத்தில் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போகும் வரைக்கும் நடக்கவில்லை.